சொல்கிறவர் பக்கத்தில் நிற்க வேண்டும்

அந்த அக்கா முதல்முதலில் எங்கள் வீட்டுக்குள் வந்தது கூப்பிடாமல்தான். அனுப்பர்பாளையத்தில் அந்தச் சந்து வீட்டுக்கு நாங்கள் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. நான் கம்பெனிக்குக் கிளம்பித் தலை சீவிக்கொண்டிருந்தேன். மாமியார் அடுப்பில் பால் சட்டியை வைத்துவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தார்கள். வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு அம்மா நேரே சமையலறைக்குள் நுழைந்து, மாமியார் கையிலிருந்த தீப்பெட்டியைப் பிடுங்கினார்.

"காஸ் கசியுதுங்க. எல்லாரும் வெளிய போங்க."

"யாருட்டி இது?" என்று மாமியார் என்னைப் பார்த்தார்கள்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வாசமும் தெரியவில்லை. ஆனாலும் அவர் சொன்ன விதத்தில் தெருவுக்கு ஓடிவந்துவிட்டோம். அவர் மட்டும் வரவில்லை. சிலிண்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். ஏஜென்சி ஆள் வந்து பார்த்தபோது ரப்பர் குழாயில் மயிரிழை அளவு வெடிப்பு இருந்தது. நடுவில் சுவர் இருக்க, பக்கத்து வீட்டிலிருந்து அதை மோப்பம் பிடித்திருக்கிறார்.

ஆள் வரும்வரை நான் வாசற்படியில் நின்று கெஞ்சினேன். "நீங்களும் வெளிய வந்துருங்கக்கா. பயமா இருக்கு."

"சொன்னவ பக்கத்துல நிக்கோணும் கண்ணு. சொல்லீட்டு ஓடிப் போனா எவ நம்புவா?"

அன்றைக்கு அது எனக்குப் பெரிய மனசாகத் தெரிந்தது. பெரிய மனசுதான், இப்போதும் இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது என்பது எனக்குத் தெரிய வெகு நாளாயிற்று.

அக்காவின் வீட்டுப் பின்கட்டில் தகரக் கூரை போட்ட பட்டறை இருந்தது. அங்கே பழைய கார்களுக்கு உலோகச் சாமான் செய்வார்கள். அவர் வீட்டுக்காரர் பாத்திரப் பட்டறையில் சுத்தியல் பிடித்தவர். பிறகு பழைய கார் வாங்கிச் சேர்க்கும் ஒரு பனியன் கம்பெனி முதலாளி, ஹெட்லைட்டைச் சுற்றி வரும் பித்தளை வளையம் ஒன்றைச் செய்து தரச் சொன்னாராம். அது அச்சாக அமைந்துவிட, ஒருவர் சொல்லி ஒருவர் வந்தார்கள். கடையில் கிடைக்காத சாமான் எல்லாம் அந்தப் பின்கட்டுக்கு வந்தது. கதவுக் கைப்பிடி, பம்பர் கொக்கி, ரேடியேட்டர் மூடி, துருப்பிடித்து ஓட்டை விழுந்த பெட்ரோல் டேங்க். கல்யாணமான நாளிலிருந்து அக்காவும் அவர் கூடவே நின்று வேலை செய்தவர். அந்த அண்ணனுக்கு வாதம் வந்து வலப்பக்கம் இழுத்துப் பேச்சும் போனபிறகு, அக்கா ஒருத்தராகவே எல்லாம் செய்தார்.

வேலை கொடுக்க வருகிறவர்கள் முதலில் உள்ளே எட்டிப் பார்த்து, "ஆம்பளைங்க இல்லீங்களா?" என்பார்கள்.

"இருக்கறாருங்க. கட்டல்ல படுத்திருக்கறாரு. அவருகிட்ட பேசறதுன்னா பேசிக்குங்க. வேலை வேணும்ன்னா எங்கிட்டப் பேசுங்க."

ஏற்றுமதிப் பெட்டி அட்டையைச் சாமானின் வளைவுக்கு ஏற்றபடி வெட்டி அளவு எடுப்பார். அட்டையில் ஏதோ வெளிநாட்டுக் கடையின் பெயர் அச்சடித்திருக்கும். அதன் மேல் பித்தளைத் தகடு மெல்ல மெல்ல வளைந்து வரும். பனியன் வேஸ்ட்டால் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். நான் போனால் பேச்சுக் கொடுப்பார், ஆனால் கை நிற்காது. நான் யாரிடமும் வலியப் போய்ப் பேசுகிறவள் இல்லை. கம்பெனியில் எனக்குத் துணியில் கறை எடுக்கும் வேலை. எண்ணெய்க் கறை பட்ட பனியனை மேசையில் விரித்து, துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் மருந்து பீய்ச்சினால் கறை போய்விடும். யாரோடும் பேச வேண்டியதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. அக்காவின் பட்டறையும் அதே மாதிரிதான், நான் பேசாவிட்டாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அக்கா மூக்கால் வேலை செய்கிறவர். பித்தளையை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து, "இது நல்ல சரக்கு இல்லீங்க" என்று திருப்பிக் கொடுப்பார். ஈயம் உருகும்போது குனிந்து பார்க்க மாட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார், வாசத்தை வைத்தே சூடு போதும் என்பார். பெட்ரோல் டேங்க் விஷயத்தில்தான் மூக்கு உயிர்க் காரியம். டேங்க்கை எவ்வளவு கழுவினாலும் உள்ளே மடிப்புகளில் பெட்ரோல் ஆவி தங்கிவிடும். அதன்மேல் தீயைக் காட்டினால் டேங்க் குண்டு மாதிரி வெடிக்கும். மற்ற பட்டறைகளில் டேங்க் நிறையத் தண்ணீர் ஊற்றிவைத்து ஓட்டையை ஈயத்தால் பற்றவைப்பார்கள், ஆவிக்கு இடமே இருக்காது. அக்கா தண்ணீர் வைக்க மாட்டார்.

"தண்ணி சூட்டைக் குடிச்சுப் போடும் புள்ள. ஈயம் ஓடாது, உருண்டு உருண்டு நிக்கும். நாலு மாசத்துல மறுபடி ஒழுகும். சுத்தமாக் கழுவி, வெயில்ல காயவெச்சு, மோந்து பார்த்து வாசம் இல்லீன்னா தீ வெக்கலாம். மூக்கு இருக்கறவளுக்குத் தண்ணி எதுக்கு?"

முதலாளி வீட்டு டிரைவர் சாமான்களை வேனில் கொண்டுவந்து இறக்குவார். வாய் ஓயாதவர். "ஏனுங்கக்கா, உங்க மூக்குக்கு இன்சூரன்ஸ் போட்டாச்சுங்களா? சளி கிளி புடிச்சுதுன்னா எங்க முதலாளி பொழப்பு என்னாகறது?" என்பார்.

"மொதல்ல உன்ற வாய்க்குப் போடு. அதான் சீக்கிரம் கெட்டுப் போறது."

ஒருமுறை அந்த டிரைவர் காரையே சந்துக்குள் கொண்டுவந்துவிட்டார். வட்ட முகமும் பெரிய பம்பருமாக, எங்கள் சந்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத கார். அடியில் படுத்து ஒரு கொக்கியை மாட்ட வேண்டும். ஜாக்கி வைத்துத் தூக்கியிருந்தார். அக்கா அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "ஜாக்கி நிக்குங்களா?" என்றார்.

"கெட்டியா நிக்குதுங்கக்கா. நான் சொல்றன்ல்ல."

"அப்ப நீ படு."

டிரைவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. கையில் கொக்கியோடு அப்படியே நின்றார். சிரிப்பு அடங்கியதும் டிரைவர் ஜாக்கியைத் திரும்ப ஒருமுறை பார்த்தார். அடியில் இரண்டு செங்கல் கொண்டுவந்து வைத்தார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தார். அவர் படுத்து எழுந்தபிறகுதான் அக்கா படுத்தார். மற்றவர்களுக்கு மட்டும் வைத்த சட்டம் இல்லை அது. பிரேக் மிதிக்கு ஒரு தண்டு செய்து கொடுத்தபோது, முதல் ஓட்டத்தில் முன் சீட்டில் அக்கா ஏறி உட்கார்ந்துகொண்டார். அவிநாசி வரை போய்த் திரும்பி வந்து இறங்கி, நேரே பட்டறைக்குள் போய்விட்டார்.

அந்தப் பெரிய காய்ச்சல் வந்த வருஷம் சந்தில் எல்லோரும் படுத்தோம். எல்லோருக்கும் வாசமும் ருசியும் போயின. எனக்குப் பத்துப் பதினைந்து நாளில் திரும்பியது. மாமியாருக்கு ஒரு மாதம் ஆயிற்று. அக்காவைக் கேட்டதற்கு, "எனக்கு ரெண்டாம் நாளே வந்துருச்சு" என்றார். நாங்களும் நம்பினோம். வேலை வழக்கம்போல வந்துகொண்டிருந்தது.

மறுவருஷம் தவக்காலத்தில் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. நாங்கள் வேதக்காரர்கள். தெற்கே கடற்கரைப் பக்கத்து ஊர். ஈஸ்டர் வரும்வரை வீட்டில் கறி, மீன் எதுவும் சமைக்க மாட்டோம். அந்த ஞாயிற்றுக்கிழமை பருப்பும் முருங்கைக்கீரையும்தான் வைத்திருந்தேன். சுவருக்கு மேல் அக்கா தலை தெரிந்தது.

"என்ன புள்ள, கறிக்கொழம்பு வாசம் சந்து முழுக்கத் தூக்குது."

நான் சிரித்து வைத்தேன். இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. உள்ளே வந்தபிறகுதான் யோசித்துப் பார்த்தேன். ஞாயிறு என்றால் எங்கள் வீட்டில் கறி. அக்கா கிழமையைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். அவர் வீட்டில் பால் அடிப்பிடித்துக் கருகும். வாசலில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. பட்டறை மூலையில் எலி செத்து இரண்டு நாளாகக் கிடந்தது. டிரைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தபோது அக்காவும் சட்டென்று முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். அதைப் பார்த்தபோது எனக்குப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஏனென்றால் அன்று மேசையின்மேல் ஒரு டேங்க் இருந்தது.

அந்த வாரத்திலிருந்து அக்கா என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். சாயங்காலம் நான் கம்பெனியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். "சித்தெ வந்துட்டுப் போ கண்ணு."

போனால் டேங்க்கின் வாயைக் காட்டுவார். "மோந்து சொல்லு. உனக்கு எவ்வளவு தெரியுதுன்னு பாக்கறேன்."

பரீட்சை வைக்கிற மாதிரி சொல்வார். நான் முகர்ந்து, "லேசா வருதுக்கா" என்றால், "ஆமா, லேசா வருது. இன்னொருக்காக் கழுவோணும்" என்பார். "ஒண்ணும் இல்லக்கா" என்றால், "அதேதான், சுத்தமாப் போச்சு" என்பார். நான் சொல்வதற்கு முன்னால் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்குத் தெரியவில்லை என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் அதைப் பேசவே இல்லை. வெளியே தெரிந்தால் வேலை வராது. வேலை நின்றால் அண்ணனின் மருந்தும் நிற்கும். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டைக் காப்பாற்றின மூக்குக்குப் பதிலாக என் மூக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

முகர்ந்து முடித்ததும் நான் கிளம்பப் பார்த்தால் விட மாட்டார். "இரு. எங்க ஓடறே? பக்கத்துல நில்லு."

ப்ளோ லேம்ப் என்று ஒரு விளக்கு. மண்ணெண்ணெய் ஊற்றிக் காற்றடித்துக் கொளுத்தினால் பாம்பு மாதிரி சீறிக்கொண்டு நீலமாக எரியும். அதைத் தூரத்து மூலையில் கொளுத்தி, நன்றாகச் சூடேறியபிறகுதான் டேங்க்கிடம் கொண்டுவருவார். தீ டேங்க்கின்மேல் படும்வரை என் மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டிருப்பார். துணைக்கு ஆள் வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டேன். தீ பட்டு ஒன்றும் ஆகவில்லை என்றதும் கையை விடுவார். "போ, போய் வேலையப் பாரு" என்று முதுகில் ஒரு தட்டு.

அண்ணன் படுத்திருந்த அறை பட்டறையை ஒட்டியது. பேச்சு இல்லாததால் இடது கையில் எப்போதும் ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்திருப்பார். எது வேண்டுமானாலும் கட்டில் கம்பியில் தட்டுவார். தண்ணீருக்கும் தட்டுவார், ஒன்றுக்கு வந்தாலும் தட்டுவார், கொசு கடித்தாலும் தட்டுவார். அக்கா போய் ஒவ்வொன்றாகக் கேட்பார். சரியானதைக் கேட்டதும் தட்டுவது நிற்கும்.

ஒரு சனிக்கிழமை. முதலாளியின் மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு அந்த வட்ட முகக் காரில்தான் என்று முடிவாகியிருந்தது. அதன் டேங்க் மேசைமேல் இருந்தது. நான் முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. "இல்லக்கா" என்றேன். "சுத்தமாப் போச்சு" என்றார் அக்கா. மூலையில் விளக்கைக் கொளுத்தினார். அது சீற ஆரம்பித்ததும் உள்ளேயிருந்து டம்ளர் தட்டும் சத்தம் கேட்டது. அக்கா போனார்.

"தண்ணிங்களா? திருப்பிப் போடோணுமா? வலிக்குதுங்களா?"

தட்டுவது நிற்கவில்லை. நான் கதவோரம் நின்று பார்த்தேன். அண்ணன் அக்காவைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பிப் பட்டறையையே பார்த்துக்கொண்டு தட்டினார். எச்சில் ஒழுகியது.

"விளக்கைக் கண்டாவே பயம் அவருக்கு" என்று அக்கா திரும்பி வந்தார். தீயைத் தூக்கிக்கொண்டு மேசையருகே வரும்போது வாசலில் வண்டிச் சத்தம். கணியூரிலிருந்து அக்காவின் ஒறம்பரை, சொந்தக்காரர்கள் நாலு பேர், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருந்தார்கள். விருந்தாளிகளை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. அக்கா விளக்கை அணைத்துவிட்டு, அவர்களுக்குக் காப்பி போடப் போனார்.

மறுநாள் ஞாயிறு. கம்பெனி லீவு. அதற்கடுத்த நாளும் கரண்ட் பராமரிப்பு என்று எங்களுக்கு விடுமுறை. திங்கட்கிழமை காலையில் துணி காயப்போடக் கொல்லைப்பக்கம் போனேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பெட்ரோல் வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு அக்கா பட்டறைக்கு ஓடினேன். அதே டேங்க், சனிக்கிழமை நான் ஒன்றுமில்லை என்று சொன்ன அதே டேங்க். வாயருகே போகும் முன்பே தலை சுற்றியது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாள் முழுக்க நான் பீய்ச்சுவது கறை எடுக்கும் மருந்து. அதன் வாசமும் பெட்ரோல் சாதிதான். காலையிலிருந்து அதிலேயே ஊறின மூக்கைக் கொண்டுவந்துதான் சாயங்காலம் டேங்க்கில் வைத்திருக்கிறேன். இரண்டு நாள் கம்பெனிக்குப் போகாததால் மூக்கு திரும்பி வந்திருக்கிறது. அதுவரை நான் சரி என்று சொன்ன டேங்க் எல்லாம் அதிர்ஷ்டத்தில் தப்பினவை. அண்ணனுக்கு மட்டும் அன்றைக்கு வாசம் தெரிந்திருக்கிறது. சொல்ல வாய் இல்லை.

நான் சொன்னேன். என் குணத்துக்கு அவ்வளவு பேசியதே அதிகம்.

"எக்கா, இனிமே என் மூக்கை நம்பாதீங்க. கம்பெனி மருந்துல அது செத்துப் போயிருது. சனிக்கெழம அண்ணன் தட்டுனது பயத்துல இல்லக்கா. வாசம் அடிச்சு தட்டியிருக்காவ."

அக்கா ஒரு வளையத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். அரம் நிற்கவில்லை.

"உன்ற மூக்கை நான் எப்ப நம்புனேன்? நீ கத்துக்கட்டும்ன்னு கூப்பிட்டேன்."

"தண்ணி ஊத்தி வச்சு செய்யுங்கக்கா. ஒழுகுனா ஒழுகிட்டுப் போகுது."

"ஒழுகுச்சுன்னா ஏன் ஒழுகுதும்பாங்க. ஏன் தண்ணி வெச்சேம்பாங்க. அப்பறம் என்னன்னு சொல்றது?" அரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ போ கண்ணு."

அதற்குப்பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை. இரண்டு நாள் கழித்து மொட்டைமாடியில் வற்றல் எடுக்கப் போனபோது கீழே பார்த்தேன். அண்ணனின் கட்டில் பட்டறைக்குள் கிடந்தது. வேலை செய்யும் மேசைக்கு ஒரு கை தூரத்தில். அக்கா அந்த டேங்க்கைத் தூக்கிக்கொண்டுபோய் அதன் வாயை அண்ணன் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அண்ணன் டம்ளரால் தட்டினார். அக்கா டேங்க்கைக் கொண்டுபோய் மறுபடி சோடா உப்பு போட்டுக் கழுவினார். வெயிலில் வைத்தார். மறுபடி கொண்டுவந்து காட்டினார். இந்த முறை டம்ளர் அசையவில்லை. அக்கா அவர் வாயோரத்து எச்சிலைத் துண்டால் ஒற்றியெடுத்தார், தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு மூலைக்குப் போய் விளக்கைக் கொளுத்தினார்.

கட்டிலை நகர்த்தவில்லை. தீயோடு வந்து, கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் நின்றார். அண்ணனின் கண் தீயையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் வற்றலை அப்படியே விட்டுவிட்டுக் கீழே ஓடி, மாமியாரைக் கையைப் பிடித்துச் சந்து முனைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்றும் ஆகவில்லை. டேங்க் நன்றாக அமைந்ததாம். மாப்பிள்ளை அழைப்பில் அந்தக் கார் மெயின் ரோட்டில் பூ அலங்காரத்தோடு போனதை நானும் பார்த்தேன்.

ஒருநாள் குழாயடியில் அக்காவைத் தனியாகப் பார்த்தபோது கேட்டேன். "அண்ணன் மோந்து சொன்னதும் கட்டிலை உள்ள தள்ளிப் போட்டா என்னக்கா? நான் வந்து ஒரு கை பிடிக்கேன்."

குடம் நிறைந்ததும் அக்கா குழாயை மூடினார்.

"உள்ள படுத்திருந்தா எதுக்குன்னாலும் தட்டுவாரு. தட்டாம இருந்தாலும் தூங்கறாரா என்னன்னு எனக்குத் தெரியாது. பக்கத்துல இருந்தா அப்படி இல்ல. தப்பாப் போனா அவருக்கும்தானேன்னு அவருக்குத் தெரியும். தப்பாச் சொல்ல மாட்டாரு."

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு மணிக்கட்டில் அவர் விரல்கள் பட்டது மாதிரி இருந்தது. தீ படும்வரை என்னை எதற்குப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. அதற்காக அவர்மேல் கோபம் வரவில்லை. அந்தத் தீயை அவரும் கையிலேயே பிடித்திருந்தார். ஆனால் அதற்குப்பிறகு விளக்கு சீறும் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் எல்லோரும் குழாயடிக்குப் போய் நிற்பது வழக்கமாகிவிட்டது. சோறு தட்டில் இருந்தாலும் வைத்துவிட்டுப் போவோம். என் வீட்டுக்காரர், "என்ன, ஊதியாச்சா சங்கு?" என்று கேலி பேசுவார். அவரும் வருவார்.

ஆடி மாசம் அண்ணன் போய்விட்டார். தூக்கத்திலேயே உயிர் அடங்கியது. காரியம் எல்லாம் முடிந்து ஒறம்பரை கிளம்பிய மறுநாளே பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்டது. கட்டிலைக் காணோம். மேசைமேல் வேறு ஏதோ காரின் டேங்க் இருந்தது.

நான் தயங்கித் தயங்கிப் போய் நின்றேன். "இனிமே தண்ணி வைப்பீங்களாக்கா?"

"எதுக்கு?"

"வாசம் பாக்க ஆள் இல்லல்லா."

"ஆள் எதுக்கு கண்ணு? தப்பாப் போனா எனக்குத்தானே." ரொம்ப அமைதியாகச் சொன்னார். "அவரு இருக்கறப்பத்தான் பயம்."

"செவுத்துக்கு இந்தப் பக்கம் நாங்க இருக்கோம்க்கா."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப வா. வந்து சொல்லு."

நான் போகவில்லை. என் மூக்கில் நம்பிக்கை இல்லை. அந்த மாசமே என் வீட்டுக்காரர் அவிநாசி பக்கம் வேறு கம்பெனியில் வேலை பார்த்து, அங்கேயே லைன் வீடும் கேட்டு வாங்கிவிட்டார். அக்காவிடம் நாங்கள் காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

வீடு காலி செய்த அன்று காலையிலேயே புதிதாகக் குடிவருகிறவர்கள் வந்துவிட்டார்கள். வடக்கே ஒடிசாப் பக்கத்து ஆட்கள், புருஷன் பெண்டாட்டி. அவன் எங்கள் சாமான் ஏறுவதற்கு டெம்போவில் கை கொடுத்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். இருபது வயசுகூட இருக்காது. சிரித்த முகம்.

அவளிடம் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது எனக்கு. எனக்கு இந்தி வராது, அவளுக்குத் தமிழ் வராது. அவளைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டுபோய்ச் சுவரைக் காட்டினேன். வாயால் ஸ்ஸ் என்று சத்தம் போட்டுக் காட்டினேன். குழந்தையைக் காட்டி, சந்து முனையைக் காட்டி, ஓடு என்று கையால் சொன்னேன். அவள் "அச்சா, அச்சா" என்று தலையாட்டிச் சிரித்தாள். பாம்பு வரும் என்று சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். தரையையும் செடியையும் பார்த்தாள்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் விளக்கு சீற ஆரம்பித்தது. நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் நகரவில்லை. மூக்கைச் சுருக்கினாள். சுவர்ப் பக்கம் முகத்தை நீட்டி இன்னொரு தரம் மூச்சை இழுத்தாள்.

"பெட்ரோல்?" என்றாள்.

அது எல்லாப் பாஷைக்கும் ஒரே வார்த்தை. நான் சுவரில் இரண்டு கையாலும் அடித்தேன். என் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று எனக்கே தெரியாது.

"எக்கா, விளக்கை அணைங்க. டேங்க்ல இருக்கு. அணைங்கக்கா."

சீறல் நின்றது. பிறகு சுவருக்கு மேல் அக்காவின் தலை தெரிந்தது. முகம் வேர்த்திருந்தது.

"யாரு சொன்னது? நீயா?"

"நான் இல்லக்கா. புதுசா குடிவந்த பிள்ளை."

அக்கா அவளைப் பார்த்தார். அவள் சிரித்துக் கும்பிட்டாள்.

"எந்தக் கம்பெனி?"

"இன்னும் எங்கயும் சேரல. குழந்தைக்காக வீட்லதான் இருப்பாளாம், ஓனர் சொன்னாவ."

"ஓ" என்றார் அக்கா. அவர் முகம் இளகியது. அண்ணன் போனபிறகு அப்படி நான் பார்க்கவில்லை. "வரச் சொல்லு. நான் கூப்புட்டேன்னு சொல்லு. கைக்கொழந்தைய நீ வாங்கிக்க."

அவரே சுவருக்கு மேல் கையை நீட்டி, வா வா என்று அவளை அழைத்தார். பக்கத்து வீட்டில் காப்பி குடிக்கக் கூப்பிடுகிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நான் வேண்டாம் என்று தலையாட்டியதை, குழந்தையை வாங்கத் தயங்குகிறேன் என்று எடுத்துக்கொண்டாளோ என்னவோ, தூக்கி என் கையில் வைத்துவிட்டு முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு போனாள்.

வாசலில் டெம்போக்காரர் ஹாரன் அடித்தார். குழந்தை என் ஜெபமாலையைப் பிடித்து இழுத்தது. சுவருக்கு அந்தப் பக்கம், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி, அக்காவின் குரல் இதமாகக் கேட்டது.

"இங்க வா கண்ணு. இன்னும் பக்கத்துல. ஆ, அங்கயே நில்லு."